மழை பொய்த்தாலும் மன்னன் மேல் பழி: பொருளாதாரம் மெல்ல மீளும்போது அதிபரைக் குறை சொல்லலாமா?

2012 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் அமெரிக்கத் தொழிலாளர் துறைக் கட்டடத்தின் ஓர் அறைக்குள் காலை 8 மணிக்கே நிருபர்கள் போய்விட்டார்கள். கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். கதவைச் சாத்தியபின் கையில் அறிக்கை தரப்படும். படிக்கலாம், எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் மணி 8.30 ஆகும்வரை ஒரு சொல்கூட வெளியே போகக்கூடாது. அந்தக் காலத்தில் மாதந்தோறும் நடந்த சடங்குதான் இது. அன்றைய அறிக்கையில் எல்லோரும் தேடிய எண் 7.8. செப்டம்பர் மாதத்தின் வேலையின்மை விகிதம். அதற்கு முந்தைய மாதம் 8.1 ஆக இருந்தது.

அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால்தான் டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் பராக் ஒபாமா, எதிர்த்து நின்ற மிட் ராம்னியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் இப்படி ஓர் எண் வந்தால் சும்மா விடுவார்களா? ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜாக் வெல்ச், மணி 8.40கூட ஆவதற்குள் ட்விட்டரில் கொளுத்திப் போட்டார்: விவாதத்தில் ஜெயிக்க முடியாதவர்கள் எண்ணையே மாற்றிவிட்டார்கள் என்று. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்த விகிதம் சுமார் 60,000 குடும்பங்களிடம் விசாரித்துக் கணக்கிடப்படுவது. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் எகிறும், கொஞ்சம் இறங்கும். கணக்குப் போடுகிறவர்கள் எந்த அதிபர் வந்தாலும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் புள்ளியியலாளர்கள்.

என்னை ஈர்த்தது அந்தச் சண்டை இல்லை. ஒபாமா பதவியேற்ற 2009 ஜனவரியிலும் வேலையின்மை விகிதம் இதே 7.8 தான். ராம்னி அணிக்கு இது வசதியாகப் போயிற்று: நான்கு ஆண்டு ஓடியும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோமே என்றார்கள். ஒபாமா அணி வேறு கதை சொன்னது: 2009 அக்டோபரில் 10 வரை ஏறியதை இவ்வளவு தூரம் இறக்கியிருக்கிறோம் என்றார்கள். இரண்டுமே உண்மை. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் குற்றப்பத்திரிகை வாசித்தார், இன்னொருவர் பாராட்டுப் பத்திரம் வாசித்தார். நடுவில் நிற்கும் சாதாரண வாக்காளர் எதை வைத்து முடிவெடுப்பது?

திரும்பிப் பார்த்துக் குத்தும் ஓட்டு

அரசியலைப் படிக்கிறவர்கள் இதைத் திரும்பிப் பார்த்து வாக்களிப்பது என்பார்கள். வேட்பாளர் என்ன வாக்குறுதி தருகிறார் என்று ஆராயாமல், ஆட்சியில் இருந்தவர் காலத்தில் நம் பாடு எப்படி இருந்தது என்று பார்த்து ஓட்டுப் போடுவது. 1980இல் ரொனால்ட் ரீகன், ஜிம்மி கார்ட்டருடன் நடந்த விவாதத்தின் முடிவில் மக்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இதன் சாரம்: நான்கு ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? அந்த ஆண்டு விலைவாசி 13 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. கார்ட்டர் தோற்றார்.

இந்த முறையை மட்டம் தட்டுவது எளிது. ஆனால் அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. வட்டி விகிதம், வரவு செலவுப் பற்றாக்குறை என்றெல்லாம் படித்துத் தீர்ப்புச் சொல்ல உழைக்கும் மக்களுக்கு நேரம் ஏது? ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் சமையல் குறிப்பைக் கேட்டா முடிவு செய்கிறோம்? அடுத்த வேளை வேறு ஓட்டல். அடுத்த தேர்தலில் தண்டனை கிடைக்கும் என்ற பயம் இருந்தால்தான் ஆள்பவர் ஒழுங்காக இருப்பார்.

சிக்கல் எங்கே என்றால், சாம்பார் சமையல்காரர் கையில் இருக்கிறது. பொருளாதாரம் அப்படி இல்லை. இதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். கூத்தில் ராஜா வந்ததும் மந்திரியிடம் கேட்கும் முதல் கேள்வியே மாதம் மும்மாரி பெய்கிறதா என்பதுதான். மழை பெய்தால் ராஜா நல்லவர். பெய்யாவிட்டால்? சோழன் கிள்ளிவளவனிடம் போன சங்கப் புலவர் வெள்ளைக்குடி நாகனார் அதை நேராகவே சொன்னார்: மாரி பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும் இந்த உலகம் காவலரைத்தான் பழிக்கும். இப்படிச் சொல்லிவிட்டு அவர் அரசனிடம் என்ன கேட்டார் என்பதைப் பிறகு சொல்கிறேன். நம் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

மந்தம் முடிந்தது என்றால் என்ன

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தேதி குறிப்பது அரசு இல்லை. தேசியப் பொருளாதார ஆய்வு மையம் என்ற தனியார் அமைப்பின் பொருளியலாளர் குழு. அவர்கள் கணக்குப்படி, ஒபாமா பதவியேற்றபோது நாட்டை ஆட்டிக்கொண்டிருந்த பெருமந்தம் 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்தது. அதாவது ஒபாமா பதவிக்கு வந்த ஐந்தாம் மாதமே முடிந்துவிட்டது.

2010இல் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வந்திருப்பார். அவர் கோபத்தில் தப்பில்லை. கிணற்றில் விழுந்தவர் அடித்தரையைத் தொட்டுவிட்டால் விழுவது முடிந்துவிட்டது என்று கணக்கு. மேலே ஏறிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. மந்தம் முடிவது உற்பத்தி சரிவது நிற்கும் நாள். அங்கிருந்து பழைய மட்டத்துக்கு ஏறுவதுதான் மீட்சி. வேலைவாய்ப்பு இதில் கடைசியாகத்தான் வந்து சேரும். ஏனென்றால் முதலாளி முதலில் இருக்கிற ஆட்களையே கூடுதல் நேரம் வேலை வாங்குவார். வியாபாரம் நிலைத்து நிற்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் புது ஆள் எடுப்பார்.

இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு பதவி இழந்தவர் மூத்த ஜார்ஜ் புஷ். அவர் காலத்து மந்தம் 1990 ஜூலையில் தொடங்கியது. வேலையின்மை 1992 ஜூன்வரை ஏறி 7.8ஐத் தொட்டது. நவம்பர் 3ஆம் தேதி பில் கிளின்டனிடம் தோற்றார். மந்தம் 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அந்தக் குழு அதிகாரபூர்வமாக அறிவித்த தேதி என்ன தெரியுமா? 1992 டிசம்பர் 22. தேர்தல் முடிந்து ஏழு வாரம் கழித்து. கட்சிக்காரராக இல்லாதவர்கூட அந்த மனிதருக்காகக் கொஞ்சம் பரிதாபப்படலாம்.

ஏன் சில மீட்சி குதிரை, சில மீட்சி ஆமை

ஒபாமாவைக் குறை சொன்னவர்கள் கையில் வைத்திருந்த வலுவான வாதம் ரீகன்தான். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம், ஒபாமா காலத்து உச்சத்தைவிட அதிகம். ஆனால் 1984இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் பாய்ந்தது. ரீகன் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். அவரால் முடிந்தது இவரால் ஏன் முடியவில்லை?

இரண்டு நோயும் ஒன்றில்லை. 1982 மந்தம் மத்திய வங்கியே தெரிந்து கொடுத்த கசப்பு மருந்து. விலைவாசியை அடக்க, அந்த மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்கர் வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினார். யாரும் வீடு வாங்கவில்லை, கார் வாங்கவில்லை; ஆசையை அடக்கி வைத்திருந்தார்கள். வட்டியை இறக்கியதும் அணை திறந்த மாதிரி வாங்கத் தொடங்கினார்கள். (வோல்கரை நியமித்தது ரீகன் இல்லை, கார்ட்டர். கசப்பு மருந்துக்கான பழி ஒருவருக்கு, குணமானதற்கான பேர் இன்னொருவருக்கு.)

2008இல் நடந்தது வேறு. லாஸ் வேகாஸில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 2006இல், விலை உச்சத்தில் இருக்கும்போது, 3 லட்சம் டாலருக்கு ஒரு வீடு வாங்கினார்கள்; 2,80,000 கடன். அந்த ஊரில் வீட்டு விலை பாதிக்கும் கீழே போனது. இப்போது வீட்டை விற்றால் 1,30,000 கிடைக்கும்; கடனோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கணவனுக்கு வேலை போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்கள் என்ன செய்வார்கள்? புதுச் சோபா வாங்க மாட்டார்கள், சுற்றுலா போக மாட்டார்கள், கிடைத்ததையெல்லாம் கடனில் கட்டுவார்கள். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தாலும் வீட்டை விற்க முடியாததால் நகர முடியாது. வட்டியைக் குறைத்தாலும், வீட்டு மதிப்பைவிடக் கடன் பெரிதாக இருப்பவருக்குச் சாதாரணமாக எந்த வங்கியும் புதுக் கடன் தந்து பழையதை அடைக்க விடாது. ஃபெடரல் ரிசர்வ் 2008 டிசம்பரிலேயே வட்டியை ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டது. அதற்குக் கீழே இறக்க இடமில்லை. அமெரிக்காவில் கடனில் வாங்கிய வீடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்த நிலையில் மூழ்கிக் கிடந்தது.

அவர்கள் செலவழிக்காததால் சோபாக் கடைக்காரர் ஆள் குறைப்பார். அவரிடம் வேலை இழந்தவரும் செலவைச் சுருக்குவார். எல்லோரும் ஒரே நேரத்தில் கடனை அடைக்க நினைத்தால் ஊரே காய்ந்துவிடும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் பல நாடுகளின் பல நூற்றாண்டுக் கணக்கைப் புரட்டி, வங்கி நெருக்கடியோடு வரும் மந்தத்துக்குப் பிறகு மீட்சி நீண்டு இழுக்கும் என்று காட்டினார்கள். இது மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வது போல. காய்ச்சல் மூன்று நாளில் போகும். எலும்பு முறிவு மூன்று மாதம் எடுக்கும். முறிந்த காலோடு வந்தவரிடம் நாலாம் நாள் ஏன் ஓடவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை. ஆனால் கட்டு சரியாகப் போடப்பட்டதா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

வண்டியில் எத்தனை கடிவாளம்

அமெரிக்க அதிபரை உலகத்திலேயே பலம் மிக்கவர் என்கிறோம். போர் விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். ஒரு பாலம் கட்டப் பணம் வேண்டுமென்றால் அவர் காங்கிரஸிடம், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்திடம், போய் நிற்க வேண்டும். 2009 பிப்ரவரி 17 அன்று, பொருளாதாரத்தைத் தூக்கிவிட ஒபாமா கையெழுத்திட்ட ஊக்கத் திட்டம் 787 பில்லியன் டாலர். கீழவையான பிரதிநிதிகள் சபையில், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் உறுப்பினர் ஒருவரும் ஆதரிக்கவில்லை. மேலவையான செனட்டில் 60 ஓட்டு தேவைப்பட்டது. மூன்று குடியரசுக் கட்சியினரைக் கெஞ்சி இழுத்து, அவர்களுக்காகத் தொகையைக் குறைத்து நிறைவேற்றினார்கள். பால் க்ருக்மன் போன்ற பொருளியலாளர்கள் குழிக்கு இந்த மண் போதாது என்று அப்போதே எழுதினார்கள். 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்த பிறகு கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. 2011 செப்டம்பரில் ஒபாமா கொண்டுவந்த 447 பில்லியன் டாலர் வேலைவாய்ப்புத் திட்டம் முழுதாக நிறைவேறவே இல்லை.

இன்னொரு கடிவாளம் மாநிலங்களிடம் இருந்தது. அநேகமாக எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியே தீர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வரி வருமானம் விழுந்ததும் ஆட்களை நிறுத்தினார்கள். வாஷிங்டன் ஒரு கையால் வேலை கொடுத்துக்கொண்டிருந்தபோது மாநில, நகர நிர்வாகங்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் குறைத்தன. அதில் கணிசமானவர்கள் பள்ளி ஆசிரியர்களும் ஊழியர்களும்.

மூன்றாவது கடிவாளம், பல நேரங்களில் பெரியது, ஃபெடரல் ரிசர்வ். அதிபர் அதற்கு உத்தரவு போட முடியாது. ஆனால் அதன் ஆளுநர்களை நியமிக்கலாம். செனட் சம்மதிக்க வேண்டும். 2010 ஏப்ரலில் ஒபாமா, வேலையின்மை பற்றியே காலமெல்லாம் ஆராய்ந்த பேராசிரியர் பீட்டர் டயமண்டின் பெயரை அனுப்பினார். அந்தப் பணிக்கு அவரிடம் போதிய தகுதி இல்லை என்று செனட்டில் முட்டுக்கட்டை போட்டவர் குடியரசுக் கட்சி செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி. அக்டோபரில் டயமண்டுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகும் முட்டுக்கட்டை நகரவில்லை. 2011 ஜூனில் டயமண்ட் நீங்களும் உங்கள் பதவியும் என்று விலகிக்கொண்டார்.

அவர் கையில் இருந்தது

இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம், அதிபர் என்ன செய்வார் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். அவ்வளவு எளிதாக விட எனக்கு மனமில்லை.

பதவியேற்கும் முன்பே, 2009 ஜனவரியில், ஒபாமாவின் பொருளியல் ஆலோசகர்கள் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். ஊக்கத் திட்டம் நிறைவேறினால் வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டாது என்றது அது. தாண்டியது, 10 வரை போனது. எதிர்க்கட்சி நான்கு ஆண்டும் அந்த 8ஐக் கையில் வைத்துக்கொண்டு அடித்தது. ஆலோசகர்களுக்காக ஒன்று சொல்லலாம். 2008 கடைசிக் காலாண்டில் பொருளாதாரம் ஆண்டு வீதத்தில் 3.8 சதவீதம் சுருங்கியதாக முதலில் அறிவித்தார்கள். 2011இல் திருத்திய கணக்கில் அது 8.9 ஆயிற்று. தப்பான எக்ஸ்ரேயை வைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் எக்ஸ்ரே மங்கலாக இருந்தால் இத்தனை நாளில் குணமாகும் என்று எழுதித் தரக்கூடாது. போதாததற்கு அடுத்த மாதம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஒபாமாவே, மூன்று ஆண்டில் இதைச் சரிசெய்யாவிட்டால் நான் ஒரு தடவை அதிபர்தான் என்றும் சொல்லிவைத்தார்.

என் பார்வையில் உண்மையான குறை வீட்டுக் கடனில்தான். ஊக்கத் திட்டத்தில் கையெழுத்திட்ட மறுநாள், அரிசோனாவின் மேசா நகரில் ஒரு பள்ளியில் நின்று வீட்டுக் கடன் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார் ஒபாமா: தவணை கட்ட முடியாமல் தவிக்கும் 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்குத் தவணையைக் குறைத்துத் தருவோம். இதற்கான பணத்துக்குக் காங்கிரஸிடம் போய் நிற்க வேண்டிய அவசியம்கூடப் பெரிதாக இல்லை. வங்கிகளைக் காப்பாற்ற ஏற்கெனவே ஒதுக்கியிருந்த நிதியில் எடுத்துக்கொள்ள முடிந்தது. கடிவாளம் அவர் கையிலேயே இருந்தது. ஆனால் திட்டம், தவணை வசூலிக்கும் நிறுவனங்களே விரும்பி முன்வந்து கடனைத் திருத்தித் தர வேண்டும் என்று அமைந்தது. அந்த நிறுவனங்களுக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. குடும்பங்கள் சம்பளச் சீட்டை அனுப்பும், வரவில்லை என்று பதில் வரும், மறுபடி அனுப்பும், இப்போது அது பழைய சீட்டு, புதிது வேண்டும் என்பார்கள். சில மாதம் குறைந்த தவணை கட்டவிட்டு, பிறகு உங்களுக்குத் தகுதியில்லை என்று கைவிரித்த கதைகளும் ஏராளம். 2012 முடிவில் நிரந்தரமாகத் திருத்தப்பட்ட கடன்கள் சுமார் 11 லட்சம். ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவாகவே இல்லை.

ஏன் துணியவில்லை? மேசா அறிவிப்புக்கு மறுநாளே சிகாகோ வணிகச் சந்தையில் நின்று ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் கத்தினார்: கடன் கட்டாத அண்டை வீட்டுக்காரனுக்காக நான் ஏன் அழ வேண்டும்? அந்தக் கோபம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. வங்கிகள் மறுபடி சாயுமோ என்ற பயம் வேறு. காரணங்கள் புரிகின்றன. ஆனால் காரணம் இருப்பதும் பொறுப்பு இல்லாமல் போவதும் வேறு வேறு.

இங்கேதான் அந்தச் சங்கப் புலவர் திரும்பி வருகிறார். மழைக்கும் அரசனையே பழிப்பார்கள் என்று சொன்ன அவர், சோழனிடம் மழை கேட்கவில்லை. பாக்கி நின்ற பழைய நிலவரியைத் தள்ளுபடி செய்யச் சொன்னார், செய்யவும் வைத்தார். எது அரசன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒபாமாவை நான் குறை சொல்வதென்றால் அந்த இடத்தில் நின்றுதான் சொல்வேன்: 2008 வறட்சிக்கு இல்லை, தள்ளுபடி செய்யக்கூடிய கடனில் கை நடுங்கியதற்கு.

தராசைப் பிடிப்பவர் யார்

வாக்காளர் இப்படியெல்லாம் எடை போடுகிறாரா? பெரும்பாலும் இல்லை. கடைசி ஓராண்டைத்தான் அதிகம் நினைவில் வைக்கிறார் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டு மங்கிவிடுகிறது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1936இல் 48 மாநிலங்களில் 46ஐ வென்றபோது நாட்டில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆனால் 1932ஐவிட நிலைமை தெளிவாக மேலேறிக்கொண்டிருந்தது. எங்கே நிற்கிறோம் என்பதைவிட எந்தப் பக்கம் போகிறோம் என்பதற்குத்தான் ஓட்டு.

கட்சி அபிமானம் வேறு குறுக்கே வரும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். தன் கட்சி அதிபர் காலத்தில் வேலை போனால் உலகச் சூழல். எதிர்க்கட்சி அதிபர் என்றால் கையாலாகாத்தனம். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர் ஒபாமாவுக்குச் சொன்ன சமாதானத்தை மூத்த புஷ்ஷுக்கும் சொல்லத் தயாரா என்று தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

அதிர்ஷ்டத்தின் பங்கும் சின்னதில்லை. ஆலன் பிளைண்டர், மார்க் வாட்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான அமெரிக்கக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஒபாமா, கிளின்டனின் கட்சியான ஜனநாயகக் கட்சி அதிபர்கள் காலத்தில் வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 1.8 சதவீதப் புள்ளி அதிகம். காரணம் தேடியபோது கிடைத்தது கொள்கைத் திறமை இல்லை; பெரும்பாலும் எண்ணெய் விலை அதிர்ச்சி குறைவாக இருந்தது, உற்பத்தித் திறன் நன்றாக இருந்தது போன்றவை. இத்தனைக்கும் பிளைண்டர் கிளின்டனின் ஆலோசகராக இருந்தவர். தன் பக்கத்துக்குச் சாதகமான எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, அதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம் என்று எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

7.8 என்ற அந்த எண்ணுக்குள்ளும் ஒரு நெருடல் இருந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு. வேலை தேடுவதையே விட்டுவிட்டவரை வேலையில்லாதவர் என்று கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வேலை பார்ப்பவர், தேடுபவர் இருவரையும் சேர்த்தால் 2009 ஜனவரியில் வயது வந்தோரில் 65.7 சதவீதம், 2012 செப்டம்பரில் 63.6. இதில் ஒரு பகுதி வயதாகி ஓய்வு பெற்றவர்கள், இன்னொரு பகுதி தேடித் தேடிச் சலித்துப் போனவர்கள். ராம்னி அணி சொன்னதில் இந்த அளவுக்குச் சரக்கு இருந்தது.

2012 நவம்பர் 6 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம், இன்றைய பொருளாதாரக் கஷ்டத்துக்கு அதிகப் பொறுப்பு யாருக்கு என்று கேட்டார்கள். 53 சதவீதம் பேர் முந்தைய அதிபர் இளைய ஜார்ஜ் புஷ் என்றார்கள். 38 சதவீதம் பேர் ஒபாமா என்றார்கள். புஷ் பதவி விலகி ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆகியிருந்தது. வாக்காளருக்கு ஞாபகசக்தி குறைவு என்ற பொது விதிக்கு அன்று ஒரு விலக்கு. மாநிலவாரியாகச் சேரும் தேர்வாளர் ஓட்டுகளில் 332 பெற்று ஒபாமா வென்றார்.

நாட்டில் வேலைகளின் எண்ணிக்கை மந்தத்துக்கு முந்தைய உச்சத்துக்குத் திரும்பியது என்ற செய்தி 2014 ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை 8.30க்கு வந்தது. தேர்தல் முடிந்து 19 மாதம் ஆகியிருந்தது.